பள்ளியைப் பற்றி ஊர்க் குழுவில் குறை எழுதினால் என்ன செய்வது?

வணக்கம். சின்ன ஊர் ஒன்றில் சிபிஎஸ்இ பள்ளி நடத்தும் தாளாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளி வேனின் படிக்கட்டுத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருப்பதை ஒரு மாணவியின் அம்மா படம் எடுத்து, ஊர் ஃபேஸ்புக் குழுவில் போட்டுவிட்டார். ஒரே ராத்திரியில் அதன் கீழே கட்டணம், கழிப்பறை, பழைய சண்டை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. "அட்மிஷன் நேரம் சார். டீச்சர்களை விட்டு நல்ல கமெண்ட் போடச் சொல்லலாமா, இல்லை வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?" என்கிறார்.

சார், இரண்டும் வேண்டாம். முதலில் அந்த வேனை ஓட்டத்திலிருந்து நிறுத்துங்கள்.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்றே சிறப்பு விதிகள் வந்தன. அதற்கும் முன்னால், 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். நம் பெற்றோர் மனதில் இந்த இரண்டும் இன்னும் இருக்கின்றன. துருப்பிடித்த தகட்டை அவர்கள் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொள்ளவும் கூடாது.

அடுத்து, அந்த அம்மாவுக்கு நீங்களே போன் செய்யுங்கள். ஆபீஸ் ஆளை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். "பதிவை எடுத்துவிடுங்கள்" என்ற பேச்சே வரக்கூடாது. எடுத்தாலும் ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருக்கும். "மிரட்டி எடுக்க வைத்தார்கள்" என்று இரண்டாவது பதிவு வந்தால், அது முதல் பதிவைவிட வேகமாகப் பரவும்.

பிறகு பள்ளியின் கணக்கிலிருந்து ஒரே ஒரு பதில் போடுங்கள். இப்படி எழுதலாம்: "படத்தில் இருப்பது எங்கள் வேன்தான். இன்று காலை அதை நிறுத்திவிட்டோம். தகடு மாற்றி, ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டிய பிறகுதான் ஓடும். அதுவரை அந்த ரூட் பிள்ளைகளுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்திருக்கிறோம். குறை இருந்தால் இந்த எண்ணில் என்னிடமே பேசலாம் – தாளாளர்." அவ்வளவு போதும். செய்ததை மட்டும் எழுதுங்கள், செய்யாததை எழுதினால் மறுநாளே இன்னொரு படம் வரும்.

அந்தப் பதிலில் பிள்ளையின் பெயரோ வகுப்போ வேண்டவே வேண்டாம். "இவர்களுக்கு இரண்டு டேர்ம் ஃபீஸ் பாக்கி" என்று பதில் எழுதிய பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். மனசு பதறியது. அந்தப் பிள்ளை மறுநாள் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போகும்?

டீச்சர்களை எழுத வைப்பதும் அவர்களைச் சிறுமைப்படுத்துவதுதான். உங்கள் ஊரில் கணக்கு டீச்சரைத் தெரியாதவர் யார்? பெயரைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வக்கீல் நோட்டீஸ் விஷயம். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 356-வது பிரிவில் வருகிறது. பொது நன்மைக்காக உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது என்பதுதான் அதன் முதல் விதிவிலக்கு. தகடு துருப்பிடித்தது உண்மை, படமும் இருக்கிறது. வேறு பள்ளியின் படத்தை உங்கள் பள்ளி என்று யாராவது போட்டால் கதை வேறு. அப்போது லிங்க், தேதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கமெண்டில் யாராவது ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாக எழுதினால், அங்கே பள்ளியின் பெயர் என்ற பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். உள்ளுக்குள் கமிட்டி போட்டுப் பேசி முடிக்கிற வேலை கூடாது.

அப்புறம் உங்கள் வெப்சைட். சிபிஎஸ்இ கட்டாயமாகப் போடச் சொல்லும் பொதுத் தகவல் பக்கம் இருக்கிறதே, அதை இன்றே திறந்து பாருங்கள். கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்பு, குடிநீர், சுகாதாரச் சான்றுகள், கட்டண விவரம், ஆசிரியர் விவரம் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். பல பள்ளிகளில் காலாவதியான சான்றுதான் தொங்குகிறது, சிலதில் ஃபைல் திறக்கவே திறக்காது. அட்மிஷனுக்கு விசாரிக்கும் பெற்றோர் அதையும் பார்க்கிறார்கள். புதுச் சான்றுகளை ஸ்கேன் செய்து இந்த வாரமே ஏற்றிவிடுங்கள், வேனின் தகுதிச் சான்றையும் சேர்த்து.