சிறுநீரக வருத்தத்தில ஏன் ரத்தம் குறையுது? செட்டிகுளத்துத் தங்கச்சியின்ர கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி செட்டிகுளம் பக்கத்தில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பினது. அப்பிடியே வாசிக்கிறன். அதில வாற கிரியேட்டினின் எண்டது சிறுநீரகம் வெளியேத்தவேண்டிய கழிவு, எச்.பி. எண்டது சிவப்பணுவில இருக்கிற ஹீமோகுளோபினின்ர அளவு. வன்னியில கன வீடுகளில இதே கதைதான் நடக்குது.

"டொக்டர், அப்பாவுக்கு 58 வயது. கமம் செய்யிறவர். சீனி வருத்தம் இல்லை, பிறசரும் பெரிசா இல்லை. ஆனா கிரியேட்டினின் 3.1, எச்.பி. 8.4. கன மாதமா இரும்புக் குளிசை குடிக்கிறார், ஏறேல்லை. இப்ப கிளினிக்கில ஊசி போடவேணும் எண்டு சொல்லினம். அந்த ஊசி கூடாது, ரத்தம் ஏத்தினா எல்லாம் சரிவரும் எண்டு சொந்தக்காரர் சொல்லினம். பீட்ரூட், பேரீச்சம்பழம், முருங்கையிலை எல்லாம் குடுத்துப் பாத்திட்டம். வீட்டுக்கு வாறவை, ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ எண்டு அம்மாவைக் கேக்கினம். என்ன செய்யிறது?"

தங்கச்சி, முதல்ல அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில இருத்துங்கோ. அம்மா, இது உங்கட சமையலால வந்ததில்லை. நீங்கள் எவ்வளவுதான் பாத்துப் பாத்துக் குடுத்திருந்தாலும் இந்த ரத்தக் குறைவு வந்திருக்கும். இதை உங்களிட்ட ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை எண்டுதான் எனக்குக் கவலை.

சிறுநீரகம் சலத்தைப் பிரிக்கிற வேலையை மட்டும் செய்யிறேல்லை. எரித்ரோபொயட்டின் எண்டு ஒரு ஹோர்மோனையும் அதுதான் சுரக்குது. அந்த ஹோர்மோன் எலும்பு மச்சைக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் அங்க சிவப்பணு உருவாகும். அப்பாவின்ர வயதுக்கும் கிரியேட்டினினுக்கும் கணக்குப் பாத்தா, சிறுநீரகம் வடிகட்டுற அளவு 22 அளவில நிக்குது. அது இந்த வருத்தத்தின்ர நாலாம் கட்டம். இந்தக் கட்டத்தில ஹோர்மோன் நல்லாக் குறைஞ்சிடும். சாதாரணமா 120 நாள் உயிரோட இருக்கிற சிவப்பணு இந்த வருத்தக்காரருக்கு அதுக்கு முதலே அழிஞ்சும் போகுது. புதுசா வாறது குறைவு, இருக்கிறதும் கெதியா முடியுது. இதில சாப்பாடு என்ன செய்யும்?

அப்ப இரும்புக் குளிசை ஏன் வேலை செய்யேல்லை எண்டு கேப்பியள். சிறுநீரகம் பழுதாகேக்க உடம்பில ஹெப்சிடின் எண்டு இன்னொரு பொருள் கூடும். அது குடலில இரும்பை உறிஞ்ச விடாது, உள்ள இருக்கிற இரும்பையும் வெளியில விடாது. குளத்தில தண்ணி நிக்குது, துருசு திறக்கேல்லை, வயல் காயுது. அந்த நிலைமைதான். அதால குளிசை குடிச்சும் ஏறேல்லை எண்டா அப்பா ஒழுங்காக் குடிக்கேல்லை எண்டு அவரோட சண்டை பிடிக்காதேங்கோ. ஈரலிலயும் எலும்பிலயும் எவ்வளவு இரும்பு இருக்கு, அதில எவ்வளவு ரத்தத்தில ஓடுது எண்டு பாக்க ரெண்டு சோதினை இருக்கு. ஒண்டு ஃபெரிட்டின், மற்றது ட்ரான்ஸ்ஃபெரின் செறிவு. ஊசி தொடங்க முதல் இந்த ரெண்டும் செய்ததோ எண்டு கிளினிக்கில கேளுங்கோ. பயப்பிடாமக் கேக்கலாம். இரும்பு போதாமல் ஊசியை மட்டும் போட்டா ஊசியும் வீண்.

குளிசையைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். எங்கட ஆக்கள் எல்லாரும் விடுற இடம் இது. கமக்காரர் விடியப்புறம் எழும்பினா ஒரு பிளேன்ரீ, வயலில ஒண்டு, சாப்பிட்ட உடன ஒண்டு. தேயிலையில இருக்கிற சத்து இரும்பைப் பிடிச்சுவைக்கும், குடல் உறிஞ்ச ஏலாது. பாலும் கல்சியக் குளிசையும் அதே மாதிரித்தான். சிறுநீரக வருத்தக்காரருக்குக் கல்சியக் குளிசையையும் கிளினிக்கில குடுக்கிறபடியால, கன பேர் ரெண்டையும் ஒரே வாயில போட்டு, மேல தேத்தண்ணியைக் குடிச்சு விழுங்குகினம். இரும்புக்கும் மற்றதுகளுக்கும் இடையில ரெண்டு மணித்தியாலம் விடுங்கோ. மலம் கறுப்பாப் போறது இரும்பாலதான், அதுக்குப் பயம் வேண்டாம். ஆனா தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கெட்ட மணத்தோட போனா அது வயித்துக்குள்ள ரத்தம் கசியிற அறிகுறி. அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

ரத்தம் கசியிறதைப் பற்றிக் கதைக்கிறபடியால இதையும் கேக்கிறன். அப்பா நாரி நோவுக்கு, மூட்டு நோவுக்கு பாமசியில குளிசை வாங்கிப் போடுறவரோ? டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி நோக்குளிசைகள் வயித்தைப் புண்ணாக்கி ரத்தத்தையும் குறைக்கும், மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் முடிக்கும். அருவி வெட்டுக் காலத்தில இது சீனிபோல விக்குது. பரசிற்றமோலோட நிப்பாட்டுங்கோ, அதுவும் அளவா. வயலில வெறுங்காலோட நிக்கிறவருக்குக் கொக்கிப்புழு இருந்தாலும் ரத்தம் குறையும். பூச்சிக் குளிசை வேணுமோ எண்டும் கேட்டுப் பாருங்கோ. பி12, ஃபோலிக் அமிலக் குறைவு, பரம்பரையா வாற தலசீமியா எண்ட ரத்தக் குறைவின்ர குணம் இதுகளையும் டொக்டர் ஒருக்காப் பாக்கவேணும். எல்லாத்தையும் சிறுநீரகத்தில போட்டுப் பேசாமல் விடக் கூடாது.

சரி, ஊசிக்கு வருவம். சிறுநீரகம் சுரக்கவேண்டிய அதே எரித்ரோபொயட்டினைத்தான் ஊசியாப் போடுகினம். 1980களின்ர கடைசியில இருந்து உலகம் முழுக்கப் பாவனையில இருக்கு. இது வர முதல் டயலிசிஸ் செய்தவை ரத்தம் ஏத்தி ஏத்தித்தான் காலம் கழிச்சவை. வயித்திலயோ கையிலயோ தோலுக்குக் கீழ போடுற சின்ன ஊசி. எச்.பி. 10க்குக் கீழ போனவைக்கு, இரும்பு சரியா இருந்தா, இதைத் தொடங்குறது வழமை. அப்பாவுக்கு 8.4. கிளினிக்கில சொன்னது சரி.

சொந்தக்காரர் பயப்பிடுறதுக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கு, நான் மறைக்கேல்லை. இந்த ஊசி பிறசரை ஏத்தும். பிறசர் கட்டுப்பாட்டில இல்லாதவைக்குப் போடக் கூடாது, போட்ட பிறகும் அடிக்கடி அளக்கவேணும். மற்றது, எச்.பி.யை நல்ல ஆக்களின்ர அளவுக்குக் கொண்டுபோகலாம் எண்டு முந்தி நினைச்சவை. 2006இலயும் 2009இலயும் வந்த பெரிய ஆய்வுகள் அதைப் பிழை எண்டு காட்டிச்சுது. 13க்கோ அதுக்கு மேலயோ ஏத்தப் பாத்தவைக்குப் பாரிசவாதமும் இருதயப் பிரச்சினையும் கூடிச்சுது. அதால இப்ப 10க்கும் 11.5க்கும் இடையில நிப்பாட்டுறம். பக்கத்து வீட்டுக்காரருக்கு 14, எங்கட அப்பாவுக்கு 11தானே எண்டு மனம் குழம்பாதேங்கோ. அப்பாவுக்கு 11 எண்டா நல்ல இலக்கம். எச்.பி. மாதத்துக்கு ஒண்டு, கூடினா ரெண்டு ஏறினாப் போதும். அதிலும் கெதியா ஏறினா டொக்டர் அளவைக் குறைப்பார். ரெண்டு ஊசி போட்டு ஒண்டும் தெரியேல்லை எண்டு விட்டிடாதேங்கோ. வித்தியாசம் விளங்க ரெண்டு மூண்டு மாதம் எடுக்கும்.

எங்கட பக்கத்து வெயிலுக்கு இன்னொண்டு. இந்த மருந்து 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில இருக்கவேணும். வவுனியா டவுனில வாங்கி, பஸ்ஸில மடியில வைச்சுக்கொண்டு செட்டிகுளம் வந்து சேரேக்க அது பழுதாப் போகலாம். வெளியில வாங்கவேண்டி வந்தா ஐஸ் போட்ட பெட்டியோட போங்கோ. ஆனா ஐஸ்கட்டியில நேரா முட்ட வையாதேங்கோ, உறைஞ்சாலும் பழுது. குலுக்கவும் கூடாது. வீட்டில பிரிட்ஜ் இல்லை எண்டா வெக்கப்படாமல் தாதியிட்டச் சொல்லுங்கோ. கிளினிக்கிலயே போட ஒழுங்கு செய்யலாம்.

ரத்தம் ஏத்துறதைப் பற்றி. நெஞ்சு நோகுது, படுக்க ஏலாமல் மூச்சு முட்டுது, எங்கயோ ரத்தம் போகுது எண்டா ரத்தம் ஏத்தத்தான் வேணும், அங்க யோசிக்கிற கதை இல்லை. ஆனா நடமாடிக்கொண்டிருக்கிற ஒருத்தருக்கு இலக்கத்தைப் பாத்திட்டு ஏத்தினா, அது சில கிழமைக்குத்தான் நிக்கும். கூட வாற தண்ணியும் பொட்டாசியமும் இருதயத்துக்குப் பாரம். அதைவிட முக்கியமானது, மற்றவையின்ர ரத்தம் ஏற ஏற உடம்பு அதுக்கு எதிர்ப்பை வளர்க்கும். நாளைக்கு நீங்களோ உங்கட கூடப்பிறந்தவையோ ஒரு சிறுநீரகம் குடுக்க முன்வந்தாலும் அது பொருந்தாமல் போகலாம். 58 வயது மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பிந்தின வயது இல்லை. அந்தக் கதவைச் சும்மா மூடக் கூடாது.

இப்ப பீட்ரூட், பேரீச்சம்பழம். தங்கச்சி, இதை அன்பாலதான் குடுத்திருக்கிறியள், எனக்குத் தெரியும். ஆனா ரெண்டிலயும் பொட்டாசியம் கூட, முருங்கையிலையிலயும் கூட, இளநீரிலயும் கூட. சிறுநீரகம் வெளியேத்தாத பொட்டாசியம் ரத்தத்தில ஏறினா இருதயத் துடிப்பே நிண்டுபோகும். அப்பாவின்ர பொட்டாசியம் எவ்வளவு எண்டு ரிப்போட்டில பாருங்கோ. அது நல்லா இருந்தா இலைக்கறியை அவிச்சு, தண்ணியை ஊத்திப்போட்டு, அளவாக் குடுக்கலாம். காமரங்காய், அதுதான் நட்சத்திரப் பழம், மட்டும் வேண்டவே வேண்டாம். அது சிறுநீரக வருத்தக்காரருக்கு நஞ்சு, மூளையைக் குழப்பி வலிப்பு வரப்பண்ணும். நாட்டு மருந்து குடுக்கிறியள் எண்டா என்ன மூலிகை எண்டு கேளுங்கோ. ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி வகையில இருக்கிற அரிஸ்ட்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும். இது நிரூபிச்ச விசயம்.

களைப்பைப் பற்றியும் சொல்லவேணும். எச்.பி. குறைஞ்ச மனிசனுக்கு கிணத்தடிக்குப் போய் வாறதே ஒரு வேலை. அவர் சோம்பேறி இல்லை. இரவில கால் அங்கலாய்ச்சு நித்திரை வராட்டி அதுக்கும் இரும்புக் குறைவு ஒரு காரணமா இருக்கலாம். உடம்பு கடிக்கிறது, தசை பிடிச்சு இழுக்கிறது, பசியில்லாமை எல்லாத்தையும் கிளினிக்கில வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கோ. எங்கட ஆம்பிளையள் கிளினிக்கில போய் இருந்தால் 'ஒண்டுமில்லை டொக்டர்' எண்டு சொல்லிப்போட்டு வருவினம். அதால நீங்கள் கூடப் போங்கோ, தங்கச்சி, கொப்பியில எழுதிக்கொண்டு போங்கோ. உழைச்சுக் குடும்பம் பாத்த ஆள் வரம்பில இருந்து பாக்கிற நிலைமைக்கு வந்தா மனம் உடையும். பேசாமல் இருக்கிறார், சாப்பாட்டைத் தள்ளுறார் எண்டா அதையும் டொக்டரிட்டச் சொல்லுங்கோ, அதுவும் வருத்தம்தான். எச்.பி. 10க்கு மேல வந்த பிறகு வெயில் ஏற முதல் கொஞ்ச நேரம் வயலுக்குப் போய் வரலாம், தடுக்காதேங்கோ. கிராம அலுவலரிட்டக் கேட்டுப் பாருங்கோ, சிறுநீரக நோயாளருக்கு அரசாங்கத்தின்ர மாதக் கொடுப்பனவு இருக்கு. கிளினிக் கொப்பியோட பிரதேச செயலகத்துக்குப் போகவேணும்.

கடைசியா ஒண்டு. சீனியும் இல்லை, பிறசரும் பெரிசா இல்லை, பிறகு எப்பிடி வந்தது எண்டு யோசிப்பியள். மதவாச்சி, பதவியா பக்கம் 1990களில இருந்து கண்டுபிடிச்ச அந்தக் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் வவுனியா மாவட்டத்திலயும் இருக்கு, செட்டிகுளத்திலயும் இருக்கு. கிணத்துத் தண்ணி, கிருமிநாசினி, வெயிலில தண்ணி குடியாமல் வேலை செய்யிறது எண்டு பல காரணங்களைச் சந்தேகிக்கினம், ஒண்டையும் இன்னும் முடிவாச் சொல்லேல்லை. இந்த வருத்தம் தொடக்கத்தில ஒரு நோவும் காட்டாது, சலத்தில புரதமும் கனக்கப் போகாது. அப்பா குடிச்ச கிணத்தில குடிச்சு, அவர் நிண்ட வயலில நிண்டவை அந்த வீட்டில வேற ஆர் இருக்கினம்? அம்மா, நீங்கள், கூடப்பிறந்தவை இருந்தா அவையும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில கேட்டு, எல்லாரும் கிரியேட்டினினும் எச்.பி.யும் இந்த மாதமே பாருங்கோ. அம்மாவை முதல் கூட்டிக்கொண்டு போங்கோ.