பக்கம் திறக்கவில்லை, ஆணை எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் அல்சூரிலுள்ள என் வீட்டில் ஓர் இணையதளம் திறக்கவே இல்லை. அதே நேரத்தில், வேறொரு நிறுவனத்தின் இணைப்பைக் கொண்ட என் மகளின் கைப்பேசியில் அது உடனே திறந்தது. எங்கள் இணைப்பு நிறுவனத்தை அழைத்தபோது, முதலில் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள்; பிறகு, "அரசு உத்தரவாக இருக்கலாம், சார்" என்றார்கள். எந்த உத்தரவு என்பதற்குப் பதில் இல்லை.

இணைப்பு நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல நடத்த வேண்டும் என்பதே இணையச் சமநிலை. அதற்கான சட்டப் பாதுகாப்பு நமக்கு இல்லாமல் இல்லை. பார்க்கும் தளத்துக்கேற்பக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்ததும், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் இங்கே நின்றுபோனது. தளங்களைத் தாமாகவே தடுப்பதையும் வேகத்தைக் குறைப்பதையும் தடைசெய்யும் நிபந்தனை 2018இல் இணைப்பு நிறுவனங்களின் உரிமத்திலேயே சேர்ந்தது.

ஆனால் சட்டப்படி வரும் ஆணைகளுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் அரசு தளங்களை முடக்கலாம். அதற்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதியோ, அந்த நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. நீதிமன்ற ஆணைகள் வேறு. 2012இல் திரைப்படத் திருட்டு வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட ஆணையைக் காட்டி விமியோ என்ற காணொளித் தளத்தையே முழுமையாக அடைத்த நிறுவனங்கள் உண்டு. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறகு விளக்க நேர்ந்தது.

அடைக்கும் முறையும் ஒன்றல்ல. தளத்தின் எண் முகவரியைச் சொல்ல வேண்டிய டிஎன்எஸ் கணினி, வாசலில் நிற்கும் காவலாளி "அப்படி யாரும் இங்கில்லை" என்பதுபோலப் பொய் சொல்வது ஒரு முறை. கடிதம் பூட்டிய உறைக்குள் இருந்தாலும் உறையின்மேல் பெயர் தெரிவதுபோல, பாதுகாப்பான இணைப்பிலும் தொடக்கத்தில் தளத்தின் பெயர் வெளியே தெரிகிறது. அதைப் படித்து இணைப்பைத் துண்டிப்பது இன்னொரு முறை. ஒரு நிறுவனம் அடைக்கும் தளங்கள் எல்லாவற்றையும் மற்றொன்று அடைப்பதில்லை என்று நம் பெங்களூருவின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். ஒரே சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களிடையே ஏன் இந்த வேறுபாடு?

பழுதா, ஆணையா, நிறுவனத்தின் விருப்பமா என்று பயனர் அறிய வழியில்லாதவரை, 2018இன் நிபந்தனை மீறப்பட்டதா என்று எவராலும் புகார் செய்ய இயலாது. தடுத்த பக்கத்தில் ஆணையின் எண்ணும், பிறப்பித்த அமைப்பின் பெயரும் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்கு 16ஆவது விதியைத் திருத்தியாக வேண்டும்.

அந்தத் தளம் பன்னிரண்டாம் நாள் தானாகவே திறந்தது. என் புகார் மட்டும் இன்றுவரை 'பரிசீலனையில்' இருக்கிறது. வணக்கம்.