நெருப்புப்பெட்டி மட்டையும் கிணற்று நைட்ரேட்டும்

வணக்கம் உறவுகளே! போன வீடியோவில் புலம்பினேனே, அந்தப் பார்சல் ஒருவழியாக வந்துவிட்டது. தண்ணீரில் நைட்ரேட் அளக்கும் ஸ்ட்ரிப் பத்து, 14,500 ரூபாய். ஒன்று 1,450! அந்தக் காசுக்கு நண்டு வாங்கியிருக்கலாம் என்று அம்மா மூன்று நாளாகச் சொல்கிறா.

எங்கள் கிணற்றில் நைட்ரேட் எவ்வளவு என்று பார்க்கத்தான் இவ்வளவு பாடு. இங்கே செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்குப் போடும் யூரியாவும் மலக்குழிக் கழிவும் நைட்ரேட்டாக மாறி விறுவிறென்று கீழே இறங்கிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும்.

சீனி வருத்தக்காரர் விரலில் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப்பின் சொந்தக்காரன்தான் இது. நுனியில் மூன்று மின்வாய், அதாவது மின்சாரம் போய்வரும் முனை. ஒன்றின் மேல் செம்பு நானோ துகள். மின்னழுத்தம் கொடுத்தால் நைட்ரேட் அங்கே எலக்ட்ரான் வாங்கும். அந்த மின்னோட்டத்தைத்தான் அளக்கிறோம். நானோ, அதாவது அவ்வளவு பொடி எதற்கு? நைட்ரேட் தொடுகிற மேற்பரப்பு கூடத்தான். ஒரு சென்றிமீற்றர் செம்புக் கட்டிக்கு மேற்பரப்பு 6 சதுர சென்றிமீற்றர். அதையே 10 நானோமீற்றர் கட்டிகளாக நறுக்கினால் 600 சதுர மீற்றர். இரண்டு பரப்புக் காணிக்கு மேல்! இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்கு நித்திரையே இல்லை.

இப்போது விசர் பிடித்த கதை. ஸ்ட்ரிப்பைச் செருகி மின்னோட்டம் பார்க்க மச்சான் இரவல் தந்த மீற்றர் கருவியின் வாய் அகலம், ஸ்ட்ரிப் உள்ளே ஆடுகிறது. திரையில் கோடு நடுங்குகிறது. செலோடேப் சுற்றினேன், வழுக்கியது. அலுமினியத் தாளை மடித்து வைத்தேன், மூன்று மின்வாயும் ஒன்றோடொன்று தொட்டு ஒரு ஸ்ட்ரிப் போச்சு. 1,450! கடைசியில் நெருப்புப்பெட்டி மட்டையை நறுக்கி முதுகுப் பக்கம் செருகினேன். கிச்சென்று பிடித்தது பாருங்கோ, கோடு அப்படியே படுத்துவிட்டது. இந்த மட்டையை நான் எறியப்போவதில்லை.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். கிணற்றை அளக்க முதல், வடித்த தண்ணீரில் மூன்று ஸ்ட்ரிப் செலவழித்து, எவ்வளவு நைட்ரேட்டுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று அளவுகோல் போட்டிருந்தேன். அது எங்கள் கிணற்றுக்குப் பொருந்தவில்லை. எங்களுடையது கொஞ்சம் சவர்த் தண்ணீர். உப்பில் இருக்கும் குளோரைடு செம்பில் ஒட்டி இடைஞ்சல் செய்யும். பெட்டியில் ‘எந்தத் தண்ணீருக்கும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், எனக்கு இந்தப் புளுகு பிடிக்கவே பிடிக்காது. அப்புறம் கிணற்றுத் தண்ணீரிலேயே தெரிந்த அளவு நைட்ரேட்டைப் படிப்படியாகக் கலந்து, மின்னோட்டம் ஏறிய விதத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். அதற்கு நாலு ஸ்ட்ரிப்.

விடை, லீற்றருக்கு 38 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 50. நைட்ரேட்டாகக் கணக்கிட்டால்தான் 50. நைட்ரஜனாக எழுதியிருந்தால் 11. உங்கள் கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கோ.

மிச்சம் இரண்டு ஸ்ட்ரிப். மாமா தன் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றை இன்றைக்கே பார்க்கச் சொல்கிறார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். மாரி மழை தொடங்கி ஒரு கிழமை போகட்டும், உரம் கழுவுப்பட்டு இறங்குவது அப்போதுதான்.