வரைபடத்தில் எதைக் குறிப்பது, எதை விடுவது

பெரியோர்களே, கூடலூரிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் வந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். நலவாழ்வு ஆய்வுக்காக நம் நீலகிரி ஊர்களை வரைபடமாக்கும்போது, அவ்வூர் இளைஞர்களுக்கு என்ன பங்கு இருக்க வேண்டும் என்பதே என் பேச்சு.

1854-ஆம் ஆண்டு லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றியே அவை குவிந்திருப்பதைக் காட்டினார். நலவாழ்வு ஆய்வில் வரைபடத்தைப் பற்றிப் பேசுவோர் இக்கதையைச் சொல்லாமல் விடுவதில்லை; நானும் விடவில்லை. ஆனால், அவர் கையில் தெருக்கள் தெளிவாகக் குறிக்கப்பட்ட நகரப் படம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. தோடர்களின் மந்து, படகர்களின் ஹட்டி, தேயிலைத் தோட்டத்தின் லயன் என்று குடியிருப்பைச் சுட்டும் சொல்லே இங்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. மரநிழலில் மறைந்த வீடு செயற்கைக்கோள் படத்தில் தெரிவதுமில்லை.

ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டே கிலோமீட்டர் என்று நேர்க்கோட்டை அளந்து ஒருவர் எழுதிவிடலாம். இடையில் ஆடி மழையில் கடக்க முடியாத ஓடை இருப்பதும், பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் தடம் இருப்பதும், அவ்வழியே பள்ளிக்கு நடந்த பதினாறு வயதுப் பெண்ணுக்குத்தான் தெரியும். அவளை அளவுநாடா பிடிக்க மட்டும் அழைப்பது, என் கருத்தில், ஆய்வுக்கே நட்டம். எவற்றைக் குறிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் அவள் உட்கார வேண்டும்.

எவற்றைக் குறிக்கக் கூடாது என்பதிலும் அவளுக்குச் சொல் இருக்க வேண்டும். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் நோய்க்குக் காரணமான அரிவாள் செல் மரபுக்கூறு நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் வெளியிட்டனர். பரம்பரையாக வரும் இந்நோயை வீடுவாரியாகப் புள்ளியிட்டால், பத்து வீடுகள் கொண்ட ஊரில் பெயர் எழுதாத புள்ளியும் பெயர்தான். நாளை பெண் கேட்டு வருபவர் முதலில் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார். ஆகவே நோய்க் கணக்கைப் பல ஊர்களைச் சேர்த்த பரப்புக்கே காட்ட வேண்டும். வரைபடம் வரையும் இளைஞர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்; அவர்களிடம் இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொடுக்கவே கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஆய்வில் பங்கேற்கப் பெற்றோரின் ஒப்புதலோடு அவருடைய இசைவையும் பெற வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள். கையெழுத்து வாங்கியதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது; வேண்டாம் என்று அவர் பாதியில் விலகினாலும் முகம் சுளிக்காதிருப்பது அதில் அடக்கம்.

வரைந்த முதல் படி ஆய்வாளரின் கணினிக்குப் போகுமுன் ஊரின் திண்ணையில் விரிக்கப்படட்டும். ஓடையின் பெயரைப் பாட்டி திருத்துவார். ஊற்று எந்த மாதத்தில் வற்றும் என்பதைத் தண்ணீர் எடுக்கும் பெண்கள் சொல்வார்கள். காட்டக் கூடாத கோயில் இடத்தை யாராவது ஒருவர் அழிக்கச் சொல்வார். அழிப்பானையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.