ஒரு குவார்ட்டர்தான் சிஸ்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

வண்டியில் விழுந்து கால் முறிந்து வார்டில் படுத்திருக்கிறார் ஒருவர். குடிப்பீர்களா என்று நர்சிங் மாணவி கேட்கிறார். "தினம் ஒரு குவார்ட்டர்தான் சிஸ்டர்" என்கிறார். மாணவி 'ஒன்று' என்று குறித்துக்கொள்கிறார்.

கணக்கு அங்கேயே தப்பு. 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 10 கிராமை ஓர் அளவு என்று வைத்தால், அது ஆறு அளவு. ஒருவரின் குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் 'ஆடிட்' படிவத்தில் பத்துக் கேள்விகள். இவருக்கு முதல் மூன்றிலேயே 10 மதிப்பெண் வந்துவிடும். 8 வந்தாலே உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறது அந்தப் படிவம்.

இந்தக் கேள்விகளை நர்சிங் மாணவர்களுக்கும் சமூகப்பணி மாணவர்களுக்கும் ஒரே வகுப்பில் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. ஒருவர் நோயாளியாக நடிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். நர்சிங் மாணவி இரண்டாவது நிமிடமே "லிவர் போயிடும்" என்று அறிவுரையில் இறங்கிவிடுவார். அதை வீட்டிலேயே தினம் கேட்கிறவர் அந்த நோயாளி! சமூகப்பணி மாணவர் பொறுமையாகக் கடன், வேலை, மனைவியின் கோபம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுவார். அப்புறம், "இன்றைக்கே விட்டுவிடுங்கள்" என்பார். கை நடுங்கி வியர்க்கிறதா என்று பார்த்திருக்க மாட்டார். பல வருடம் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த இடத்தில் நர்சிங் மாணவி குறுக்கிட வேண்டும். குறுக்கிடும் உரிமை தனக்கு உண்டு என்று அவர் பழகுவது இப்படிச் சேர்ந்து உட்காரும்போதுதான். தனித்தனியாகப் படித்தவர்கள் வார்டில் ஒருவர் பேச்சில் மற்றவர் தலையிடத் தயங்குகிறார்கள்.

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அந்த நிலைக்கு இன்னும் போகாத ஆட்களிடம் யாருமே கேட்பதில்லை. கால் கட்டோடு படுத்திருக்கும்போது பத்து நிமிடம் பேசினால் பலர் குறைத்துக்கொள்கிறார்கள்.

டைம்டேபிள் ஒத்துவராது என்பார்கள். சரி, சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் போதும். வீட்டில் யாருக்காவது உதவி தேவைப்பட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிடுங்கள்.

வணக்கம்.