பேச்சு வராத பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கது எப்பிடி?

எல்லாருக்கும் வணக்கம். தக்கல, குளச்சல் பக்கமெல்லாம் வீட்டுல வச்சே படிக்குற பிள்ளைங்க இருக்காங்கல்லா, நடக்க முடியாது, பேச்சு வராது, சிலருக்கு கையும் சொன்னபடி கேக்காது, அவங்க அம்மாமார் கேக்குறது ஒண்ணுதான்: "பென்சிலே பிடிக்க மாட்டான், பின்ன எப்பிடி டீச்சர் எழுத்து?"

பென்சில் பிடிக்குறது வேற, எழுதுறது வேற. புள்ளி வச்ச "அ" மேல பிள்ளை கைய பிடிச்சு வருசக்கணக்கா இழுக்குறோம் பாருங்க, அதுல எழுதுறது நாமதான்.

(திரையில்: எழுத்து அட்டை)

இந்த அட்டைய பாருங்க. தமிழ்ல 247 எழுத்து, அத்தனையும் போட்டா நமக்கே தலை சுத்தும். ஆனா உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒண்ணு, மொத்தம் 31 போதும். கம்ப்யூட்டர்லயும் போன்லயும் தமிழ் அடிக்குற தமிழ்99 கீபோர்டுல ப தட்டி ஆ தட்டினா பா வரும்லா, அதே கணக்குதான். நீங்க விரல வச்சு "இந்த வரிசையா? இந்த எழுத்தா?"ன்னு பைய கேட்டுட்டே போங்க, பிள்ளை கண்ணாலயோ தலையாலயோ ஒரு சத்தத்தாலயோ ஆமான்னு காட்டினா அத நோட்டுல எழுதுங்க. இந்த அட்டைதான் அவனுக்கு பென்சில். அவன் கைய நீங்க பிடிச்சு எழுத்த தொட வைக்கவே கூடாது, அது மறுபடி நம்ம எழுத்தாயிரும்.

அமெரிக்கால கரென் எரிக்சன், டேவிட் கோப்பன்ஹேவர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருசமா சொல்லுறதும் இதுதான், எழுத்தெல்லாம் தெரிஞ்ச பிறவு எழுதட்டும்னு காத்து கிடக்க வேண்டாம்.

முதல்ல "பஃடஙழ"ன்னுதான் வரும். திருத்தாதீங்க. மத்த பிள்ளைங்க சுவத்துல கிறுக்குமே, அந்த கட்டம். "ப போட்டிருக்கியே மக்ளே, பப்படமா வேணும்?"னு கேட்டு பப்படம்னு அடியில எழுதி வாசிச்சு காட்டுங்க, வீட்டுல இருந்தா ஒண்ணு பொரிச்சும் குடுங்க.

வாசிக்க புத்தகம் இல்லன்னா போன்ல உள்ள போட்டோ போதும். மாத்தூர் தொட்டிப்பாலம் போன போட்டோவ பிரிண்ட் எடுத்து ஒட்டி, "பாலம் ரொம்ப உசரம்"னு பெருசா எழுதுங்க. வாசிக்கும்போது "இது என்ன, அது என்ன"ன்னு பரீட்ச வைக்காதீங்க. "எனக்கு கீழ பாக்கவே பயமா இருந்து"ன்னு நீங்க ஒண்ணு சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு வாய மூடிட்டு பத்து எண்ணுறது கொஞ்சம் கஷ்டம்தான். அதுக்குள்ள அவன் கைய அசைச்சாலும் சரி, சிரிச்சாலும் சரி, அத பதிலா எடுத்து பேசுங்க.

ஸ்கூலுக்கு போற பிள்ளைன்னா அட்டை ரெண்டு போடுங்க, ஒண்ணு பையில கிடக்கட்டும். வீட்டுக்கு சிறப்பு பயிற்றுநர் வரணும்னா வட்டார வள மையத்துல போய் கேளுங்க. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் ஊனம்னு சர்டிபிகேட் உள்ள பிள்ளைக்கு 6 வயசுல இருந்து 18 வரை இலவச படிப்பு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே உண்டு. பயிற்றுநர் வந்தா இந்த அட்டையையும் காட்டுங்க, அவங்களும் இதுலயே எழுத வைக்கட்டும்.