செங்கல்லைச் சாம்பாரில் போட முடியுமா?

(தலைப்பு: வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பது அறிவுடைமையா, தவணைப்படி கட்டிக்கொண்டே வாழ்வை அனுபவிப்பது அறிவுடைமையா? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மேடையில், முன்கூட்டியே அடைக்கச் சொல்லும் அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வியை வீசிவிட்டு, உங்கள் கைத்தட்டலையும் வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். "கடனை அடைக்கிறேன் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறவர்கள் செங்கல்லைச் சாம்பாரில் போட்டா சாப்பிடுவார்கள்?" என்று கேட்டார். அந்தச் செங்கல்லை நான் விடப்போவதில்லை. அதற்கு முன், கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

300,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், கடன்; 4 விழுக்காடு வட்டி, 30 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 1,432 வெள்ளி. முதல் மாதம் நீங்கள் கட்டும் அந்தப் பணத்தில் 1,000 வெள்ளி வட்டிக்கே போய்விடுகிறது. முதலில், அதாவது வாங்கிய கடன் தொகையில், குறைவது 432 வெள்ளிதான். வட்டி விகிதம் மாறாமலே இருந்தாலும், 30 ஆண்டில் வட்டி மட்டும் 215,000 வெள்ளியைத் தாண்டும். அதே கடனுக்கு முதல் மாதத்திலிருந்து 300 வெள்ளி கூடுதலாகக் கட்டினால், 21 ஆண்டு 7 மாதத்தில் கடன் தீரும். வட்டியில் ஏறத்தாழ 67,000 வெள்ளி மிஞ்சும். இந்த 300 வெள்ளிக்குச் சோற்றைக் குறைக்க வேண்டியதில்லை. அம்மா வார இறுதியில் நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லித் தரலாம், அப்பா மாதம் இரண்டு சனிக்கிழமை ஓவர்டைம் பார்க்கலாம், வேலைக்குப் போகத் தொடங்கிய மகள் தன் பங்காக ஒரு தொகையை வீட்டில் தரலாம். குடும்பம் கூடுதலாகச் சம்பாதிப்பதைக் கடனுக்குத் திருப்புங்கள் என்பதுதான் எங்கள் கட்சி.

எதிரணியின் முதல் பேச்சாளர், ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு லாப ஈவு தந்திருக்கும்போது, 4 விழுக்காட்டுக் கடனை அவசரமாக அடைப்பானேன் என்றார். கணக்கில் பிழையில்லை. ஆனால் மாதந்தோறும் 300 வெள்ளியைத் தவறாமல் சேமநிதியில் போடுகிற ஒருவர் இருந்தால், அவரும் இன்றைய செலவைக் குறைத்து நாளைக்கு எடுத்துவைக்கிறவர். அவர் எங்கள் பக்கத்து ஆள். "இருக்கும்போதே அனுபவியுங்கள்" என்று பேசும் அணிக்கு அந்த 6.30 விழுக்காடு சொந்தமாகாது. சேமநிதி வாரியமே, உறுப்பினர் சேமிப்பின் ஒரு பிரிவான செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுத்து வீட்டுக் கடன் நிலுவையைக் குறைத்துக்கொள்ள வழிவிட்டிருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இப்போது என் பெரியம்மாவை இந்த மேடைக்கு அழைத்துவருகிறேன். பெரியப்பாவுக்குச் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. 90,000 வெள்ளிக் கடனில், 25 ஆண்டுத் தவணையில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். பெரியம்மா முறுக்கு சுற்றுவார். தீபாவளிக்கு மட்டுமல்ல, ஆண்டு முழுதும் கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஆர்டர் வரும். அந்தக் காசில் மாதம் 150 வெள்ளியைத் தனியாக எடுத்துக்கொண்டு, எண்ணெய் வாடை போகாத கையோடு வங்கிக்குப் போய், தவணையோடு சேர்த்துக் கட்டுவார்.

ஓராண்டு கழித்து வங்கிக் கணக்கறிக்கை வந்தது. கூடுதலாகக் கட்டிய பணத்துக்கு ஏற்றபடி கடன் குறையவில்லை. பெரியம்மா அறிக்கையை மடித்து எடுத்துக்கொண்டு நேராக முகப்புக்குப் போய், அங்கிருந்த இளைஞரிடம், "தம்பி, என் 150 வெள்ளி எங்க போச்சு?" என்று கேட்டார். அவர் கணினியைப் பார்த்துவிட்டு, "எங்கேயும் போகவில்லை ஆன்ட்டி, வரப்போகும் தவணைகளுக்கு முன்பணமாக நிற்கிறது" என்றார். அப்போது பெரியம்மா சொன்னார்: "நிக்கிற பணம் எனக்கு எதுக்கு தம்பி? ஓடுற வட்டியப் பிடிச்சு நிறுத்துற பணமில்ல எனக்கு வேணும்!"

அவையோரே, தயவுசெய்து இதை இன்னொரு முறை கேளுங்கள். நிற்கிற பணம் எதற்கு, ஓடுகிற வட்டியைப் பிடித்து நிறுத்துகிற பணமல்லவா வேண்டும்! பொருளாதாரம் படிக்காத அந்த அம்மாள், வீட்டுக் கடனின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டார். வட்டி அன்றன்றைய நிலுவைக்குத்தான் கணக்கிடப்படுகிறது. கூடுதல் பணம் முதலைக் குறைத்தால் மறுநாளே வட்டி குறையும். முன்பணமாக நின்றால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண தவணைக் கடன் வைத்திருப்பவர்கள், கூடுதல் பணத்தை முதலுக்கே கழிக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கடனோடு ஒரு நடப்புக் கணக்கை இணைத்துத் தரும் முழு ஃபிளெக்ஸி கடனில், அந்தக் கணக்கில் போட்டாலே வட்டி குறைந்துவிடும், அவசரத்துக்குத் திருப்பி எடுக்கவும் முடியும். முதல் சில ஆண்டுகளுக்குள் கடனை முழுவதுமாக முடித்தால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா அன்றே எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் "முதலுக்கு, தம்பி, முதலுக்கு" என்று சொல்லிக் கட்டுவார்; பெரியம்மாவின் தலை தெரிந்ததுமே அந்த முகப்பில் இருந்தவர்கள், "முதலுக்குத்தானே ஆன்ட்டி?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. 25 ஆண்டுக் கடன் 16 ஆண்டுக்குள் முடிந்தது. மீதி ஒன்பது ஆண்டும் பெரியப்பாவின் சம்பளம் முழுதாக வீட்டுக்கு வந்தது. எதிரணித் தம்பி சொல்லும் அனுபவிப்பை அவர்கள் அந்த ஒன்பது ஆண்டில் பயமில்லாமல் அனுபவித்தார்கள். காசிக்கும் இராமேஸ்வரத்துக்கும் ஒரே பயணத்தில் போய்வந்தார்கள்.

இனி செங்கல்லுக்கு வருகிறேன். தம்பி, எந்த மண்ணில் நின்று செங்கல்லைக் கேலி பேசினீர்கள்? 1881இல் தீயும் வெள்ளமும் வந்து, மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டிய கோலாலம்பூரை அழித்தன. அதன் பிறகுதான் பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹம் காலத்தில் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட உத்தரவு பிறந்தது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடத்தில்தான், இந்தப் பிரிக்பீல்ட்ஸில்தான், இன்று நாம் கூடியிருக்கிறோம். இந்த நகரத்தை மறுபடியும் எழுப்பியதே இங்கே சுட்ட செங்கல்தான்!

செங்கல்லைச் சாம்பாரில் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாம்பார் கொதிக்கும் சட்டிக்கு மேலே கூரை வேண்டும், அந்தக் கூரையை எவரும் கேட்டு வரக்கூடாது. 2020இல் தொற்றுக் காலத்தில் ஆறு மாதத் தவணையை ஒத்திவைத்தார்கள். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. வேலையும் ஓவர்டைமும் போன அந்த மாதங்களில், கடனை முடித்திருந்த வீட்டில் மட்டும்தான் அந்தக் கவலை இல்லாமல் சாம்பார் கொதித்தது.

இன்னும் ஒன்று கேட்கிறேன். நம் நாட்டில் வீட்டுக் கடனை 35 ஆண்டு வரை, 70 வயது வரை நீட்டித் தருகிறார்கள். தனியார் துறையில் ஓய்வு வயதோ 60. சம்பளம் 60இல் நின்று, தவணை 70 வரை ஓடினால், இடையில் உள்ள பத்து ஆண்டுக்கு யார் கட்டுவது? எதிரணியில் எவராவது இதற்குப் பதில் சொன்னார்களா? பதில் நமக்குத் தெரியும்: பிள்ளைகள் கட்டுவார்கள். தன் வீட்டுக்கும் பெற்றோர் வீட்டுக்கும் ஒரே சம்பளத்தில் கட்டும் பிள்ளைகள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள். சற்றுமுன் அவர்களும்தான் கைதட்டினார்கள்.

நடுவர் அவர்களே, என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறந்தது, வாக்கப்பட்டது, ஆறு பிள்ளை பெற்றது எல்லாம் தோட்டத்தார் தந்த லயத்து வீட்டில். அந்த வீட்டில் ஒரு பலகைகூட அவருடையதில்லை. தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வாசலில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைத் தோண்டி, மைலோ டின்னில் வைத்து, லாரியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட அந்தக் காலத்தில்தான், 1960இல், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நாளெல்லாம் வெயிலிலும் கொசுக்கடியிலும் உழைத்த நம் மக்கள், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள். அவர்களுக்கு மட்டும் அனுபவிக்கத் தெரியாதா? எவரும் வந்து "எழுந்து போ" என்று சொல்ல முடியாத ஒரு நிலம் வேண்டும் என்றுதானே அந்தப் பத்து வெள்ளியைக் கட்டினார்கள்?

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம் வீடு வாங்கிவிட்டோம், ஆனால் கடன் தீரும்வரை பட்டா வங்கியிடம்தான் இருக்கிறது. அறுபதாவது வயதில் அம்மாவும் அப்பாவும் அந்தப் பட்டாவைத் தங்கள் கையில் வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பதே எங்கள் அணியின் வழக்கு. முன்கூட்டியே அடைப்பதுதான் அறிவுடைமை என்று தீர்ப்பளிக்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.